பாம்புச்சட்டைப் பழம்

சில ஆண்டுகளுக்கு முன்பு கோடை விடுமுறையில், சிங்கப்பூரில் உள்ள தங்கை வீட்டில் பதினைந்து நாட்கள் தங்கியிருந்தோம். போய்ச் சேர்ந்த மறுநாளே தங்கை தன் மகளையும் நம்மையும் அருகிலிருந்த பேரங்காடிக்கு அழைத்துச் சென்றாள். காவிரிக் கரையிலேயே உண்டு வளர்ந்த நமக்கு அங்கிருந்த பழப்பகுதி, எழுத்துத் தெரியாத மொழியின் நூலகம்போல் இருந்தது. கையில் எடுக்கலாம், புரட்டிப் பார்க்கலாம். எந்த இடத்தில் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

தங்கை மகள் ஒரு பழத்தை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தாள். சிறு அத்திக்காயின் வடிவம். பழுப்பு நிறம். தோல் முழுவதும் செதில்கள். "மாமா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றாள். தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, கல்லூரியில் ஆண்டுதோறும் குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களை மாணவர்க்கு எடுத்துரைக்கும் நாம் விலைச்சீட்டைப் பார்த்தோம். 'சலாக், இந்தோனேசியா' என்று ஆங்கிலத்தில் இருந்தது. "சலாக்" என்றோம். "அது மலாய் மாமா" என்று அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே உரிக்கக் கற்றுக்கொடுத்தாள். நுனியைக் கிள்ளி இழுத்தால் செதில்தோல் மெல்லிய காகிதம்போல் கழன்று வருகிறது. உள்ளே பூண்டுப்பல் வடிவில் மூன்று சுளைகள். இனிப்பும் புளிப்பும், கடைசியில் சற்றுத் துவர்ப்பும். பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த குட்டை மரம் ஒன்றின் பழம் என்று தெரிந்தது. அதாவது நம் ஈச்சம்பழத்துக்குத் தூரத்து உறவு.

அன்று மாலை அவளுக்குப் பள்ளித் தமிழ்ப் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பேரங்காடிக்குச் சென்ற அனுபவம் என்பது தலைப்பு. நம்மிடம் திருத்தக் கொடுத்தாள். "எங்கள் மாமா பாம்புச்சட்டைப் பழத்தை உரிக்கத் தெரியாமல் முழித்தார்" என்று அதில் ஒரு வரி. முந்தைய விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது வைக்கோற்போர் அடியில் பாம்பு கழற்றிப் போட்ட சட்டையைப் பாட்டி அவளுக்குக் காட்டியிருக்கிறார். நாம் 'முழித்தார்' என்பதை 'விழித்தார்' என்று திருத்தினோம். 'பாம்புச்சட்டைப் பழம்' என்பதை அடித்துவிட்டு, மேற்கோள் குறிகளுக்குள் 'சலாக்' என்று எழுதினோம்.

"ஏன் மாமா, தப்பா?"

"அப்படி ஒரு சொல் அகராதியில் இல்லையம்மா."

அவள் மறுபேச்சின்றி நோட்டை வாங்கிக்கொண்டாள். தமிழாசிரியராக நம் வாழ்நாளில் செய்த தவறான திருத்தங்களுள் முதன்மையானது அதுவே என்று இப்போது தோன்றுகிறது. ஒரு குழந்தையின் மனம் புண்பட்டிருக்குமே என்ற இரக்கத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த அடித்தலுக்குள் தமிழ் குறித்த ஒரு பெரிய தடுமாற்றம் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

தஞ்சைப் பகுதியில் வீட்டின் பின்புறத்தைக் கொல்லை என்போம். கொய்யாவும் பப்பாளியும் சீத்தாவும் இல்லாத கொல்லை நம் இளமையில் அரிது. வேலியோரம் கொடுக்காப்புளி, கூரைமேல் பறங்கிக்கொடி, கிணற்றடியில் மிளகாய்ச்செடி. இவற்றுள் ஒன்றுகூட இந்த மண்ணில் தோன்றியதில்லை. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. நாகப்பட்டினத்தில் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் தங்கினர்; 1658இல் டச்சுக்காரர் அவ்வூரைக் கைப்பற்றினர்; தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் வந்திறங்கினர். ஐரோப்பியக் கப்பல்கள் நடமாடிய அந்த நூற்றாண்டுகளில்தான் நம் கொல்லை இன்றைய வடிவத்தைப் பெற்றது. 'நம் மண்ணின் மறந்துபோன பழங்கள்' என்று ஏக்கத்தோடு எழுதப்படும் பட்டியல்களில் கொடுக்காப்புளி தவறாமல் இடம்பெறுகிறது. அதன் தாயகம் மெக்சிகோ என்பதை அவ்வாறு எழுதுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, அயல் பழங்கள் வந்து நம் பழங்களைக் கெடுத்துவிட்டன என்னும் வழக்கமான புலம்பலில் நமக்கு உடன்பாடு இல்லை.

நம்மை வியக்க வைப்பது வேறொன்று. வந்த ஒவ்வொன்றுக்கும் இங்கிருந்தவர்கள் பெயர் வைத்தார்கள். எப்படி வைத்தார்கள் என்று பார்த்தால் அதில் பல வழிகள் தெரிகின்றன. சிலவற்றைக் காதில் விழுந்த ஒலியைக் கொண்டே தமிழ்ப்படுத்தினார்கள்: அன்னாசி, கொய்யா, பப்பாளி ஆகியவை போர்ச்சுக்கீசியர் வாய்ச்சொல்லின் தமிழ் வடிவங்கள். சிலவற்றைக் கொண்டுவந்தவனின் பெயரால் அழைத்தார்கள்: பறங்கிக்காய். சிலவற்றுக்கு வந்த திசை போதுமானதாக இருந்தது: சீமைப்பலா. சிலவற்றைத் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டார்கள்: மிளகைப் போல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. தக்காளியின் கதை இன்னும் சுவையானது. அப்பெயர் முன்பு இங்கே விளைந்த சிறு செடிவகைகளுக்கு உரியது. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். காலப்போக்கில் 'சீமை' உதிர்ந்துவிட்டது. இன்று வந்தவள் வெறும் தக்காளி. வீட்டுக்காரிதான் மணத்தக்காளி என்று அடைமொழியோடு அறிமுகமாக வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் எந்தக் குழுவும் கூடவில்லை. எந்தப் புலவரும் ஒப்புதல் வழங்கவில்லை. நட்டவர், பறித்தவர், குழம்பில் இட்டவர் ஆகியோர் வைத்த பெயர்கள் இவை. அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபசல் தமது அயினி அக்பரியில் அன்னாசியைப் பயணப் பலா என்னும் பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறார். இளஞ்செடியைத் தொட்டியில் வைத்துப் பயணத்தில் எடுத்துச் செல்லலாம், அது வழியிலேயே காய்க்கும் என்பது அவர் தரும் விளக்கம். செடியைச் சுமந்து நடந்தவர்கள்தாம் அந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.

நாம் சொல்ல வருவதும் இதுதான். அந்நாளில் பழம் செடியாக வந்தது. இன்று பெட்டியாக வருகிறது. செடியோடு பழகியவர்கள் பெயரைத் தாமே வைத்துக்கொண்டார்கள். பெட்டியைப் பிரிப்பவர்களோ பெயரையும் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

பெட்டியில் வரும் பெயர் எப்படிப் பிறக்கிறது என்பதற்குக் கிவி நல்ல சான்று. சீனத்தில் அதைக் குரங்குப் பீச் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 1904இல் நியூசிலாந்தைச் சேர்ந்த பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் சீனப் பயணத்திலிருந்து அதன் விதைகளைக் கொண்டு சென்றார். அங்கே விளைந்தபோது 'சீன நெல்லி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அமைந்தது. 1959இல் ஏற்றுமதியாளர்கள் அமெரிக்கச் சந்தைக்காகத் தங்கள் நாட்டுப் பறவையின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அதாவது, தஞ்சாவூர்ப் பழக்கடையில் இன்று தமிழில் 'கிவி' என்று எழுதி வைக்கிறோமே, அது எந்த மக்களும் தின்று, பழகி, வாய்க்கு வந்தபடி வைத்த பெயரன்று. விற்பதற்காகச் செய்யப்பட்ட பெயர். குரங்குப் பீச் தின்றவர்களின் பெயர். கிவி விற்றவர்களின் பெயர்.

மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. அது ஆணையால் வரும் பெயர். 2021 ஜனவரியில் குஜராத் அரசு டிராகன் பழத்துக்குக் 'கமலம்' என்று பெயர் சூட்டுவதாக அறிவித்தது. தாமரை போன்ற தோற்றம் என்பது சொல்லப்பட்ட காரணம். உண்மையில் அது கள்ளிப் பழம். மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. நம் ஊர்ப் பொட்டல்களில் நாவு சிவக்கச் சிவக்கத் தின்றோமே, அந்தச் சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தச் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்கென்று சென்னையில் அவ்வகைக் கள்ளிக்குத் தோட்டமே போட்டார்கள். அதன் தட்டையான தண்டைக் கண்டு சப்பாத்தி என்று சொன்ன வாய் யாருடையது என்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வாய் ஒருமுறையேனும் முள் குத்திக்கொண்டிருக்கும் என்பது மட்டும் உறுதி. டிராகன் பழத்தைக் கள்ளிப்பழம் என்று சொல்ல நமக்கு ஏன் தோன்றவில்லை? அதன் தண்டை நாம் பார்த்ததில்லை. பெட்டிக்குள் தண்டு வருவதில்லை.

தமிழாசிரியர்களாகிய நம்மவர் சும்மா இருக்கவில்லையே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மைதான். இணையத்தில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் சுற்றிவருகிறது. ஆப்பிள் அரத்திப்பழம், கிவி பசலிப்பழம், ஸ்ட்ராபெரி செம்புற்றுப்பழம், செர்ரி சேலாப்பழம் என்று அது நீளும். ஆக்கியவர்களின் தமிழன்பை நாம் ஐயுறவில்லை. அவற்றுள் சில காலப்போக்கில் நிலைபெறவும் கூடும். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையில் பழத்தை வைத்துக்கொண்டு "பசலிப்பழம் எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டதை நாம் இதுவரை கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. பட்டியலைப் பகிர்ந்துவிட்டுக் கடையில் போய்க் கிவி என்றே கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். அகராதிக்காக ஆக்கப்பட்ட சொல் அகராதியிலேயே தங்கிவிடுகிறது.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. ஈழத்தமிழர் ஆரஞ்சைத் தோடம்பழம் என்பர். ஆங்கிலத்தில் பேஷன் ஃப்ரூட் எனப்படும் தென்னமெரிக்கப் பழம் அங்கே வேலியில் படர்ந்தபோது அதைக் கொடித்தோடை என்றார்கள். கொடியில் காய்க்கும் தோடை. பார்த்தவுடன் விளங்கும் பெயர். நாம் பட்டர் ஃப்ரூட் என்றும் அவகாடோ என்றும் தடுமாறும் பழத்துக்கு அங்கே ஆனைக்கொய்யா என்ற பெயர் உண்டு. கொய்யாவே வந்தேறி. அந்த வந்தேறியை வீட்டுப்பிள்ளையாக்கி, அதைக் கொண்டே அடுத்த வந்தேறிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மொழி உயிரோடிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

நாகப்பட்டினத்துறையில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் பகுதி மக்களையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1926 தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தடத்தில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் டெல்டாவின் முதியவர்களிடையே இன்றும் வழங்குகிறது. போனவர்கள் புதிய நாட்டின் சந்தையில் ரம்புத்தானையும் டுரியானையும் முதன்முதலாகக் கண்டபோது மலாய்ப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இதில் குறைகூற ஒன்றுமில்லை. மலாய் மொழியில் ரம்புட் என்றால் முடி, டுரி என்றால் முள். அவையும் தொட்டுப் பார்த்துத் தின்றவர்கள் வைத்த பெயர்களே. தின்பவரிடமிருந்து தின்பவர் சொல் வாங்குவது உறவு. நாமும் கொடுத்திருக்கிறோம். நம் மாங்காய்தான் மலையாளக் கரையில் மாங்ஙாவாக நின்று, போர்ச்சுக்கீசியர் நாவில் மங்காவாகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. முற்றிக் கனிந்து தேன் சொட்டும் பழத்தையும் ஆங்கிலேயர் 'காய்' ஒட்டிய சொல்லால்தான் இன்றளவும் அழைக்கிறார்கள். பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் சொல் வைத்திருக்கும் நமக்கு அது சற்று வேடிக்கைதான்.

இனி, இதில் என்ன நட்டம் என்ற கேள்வி. கிவியைக் கிவி என்றே சொல்லிவிட்டுப் போவதால் தமிழ் கெட்டுவிடுமா? கிவியோடு நின்றால் கெடாது. ஆனால் வெளியிலிருந்து வருவதற்குப் பெயர் வைக்கும் பழக்கம் போனால், உள்ளே இருப்பதன் பெயரைக் காக்கும் பழக்கமும் பின்னாலேயே போய்விடுகிறது. நம் அச்சம் அதுதான்.

அந்தச் சிங்கப்பூர்ப் பேரங்காடியில் வாழைப்பழமும் இருந்தது. சீப்பின்மேல் ஒட்டுவில்லை, அதில் 4011 என்ற எண். உலகின் பல நாடுகளில் கடைக்காரர் கணக்கில் மஞ்சள் வாழைக்கு உரிய எண் அது. கடல் கடந்து விற்கப்படும் வாழை பெரும்பாலும் கேவண்டிஷ் என்னும் ஒரே இனம். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் கண்ணாடிக்கூடத்தில் 1830களில் வளர்க்கப்பட்டு அவர் குடும்பப் பெயரையே பெற்றது. அங்கே வாங்குபவர் இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை; ஒன்றே இருக்குமிடத்தில் பெயர் எதற்கு? திருவையாற்றிலும் திருக்காட்டுப்பள்ளியிலும் அப்படியா? இலைக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் பூவன், சமையலுக்கு மொந்தன், குழந்தைக்கு ரஸ்தாளி, வயிற்றுக்குப் பேயன், இனிப்புக்குக் கற்பூரவள்ளி. பக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் தேசிய அளவிலான வாழை ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. அப்படிப்பட்ட மண்ணில், சென்ற ஆண்டு வகுப்பில் உங்கள் வீட்டில் என்ன வாழைப்பழம் வாங்குவீர்கள் என்று கேட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் சொன்ன விடை: "மஞ்சள் வாழைப்பழம், ஐயா." அவர்களுள் பாதிப்பேர் வேளாண்குடும்பத்துப் பிள்ளைகள்.

பெயர் தெரியாதவர் அந்தப் பழத்தைக் கேட்டு வாங்க முடியாது. கேட்காத பழத்தைக் கடைக்காரர் வாங்கி வைக்கமாட்டார். விலைபோகாத கன்றை உழவர் நடமாட்டார். ஒரு சொல் நாவிலிருந்து இறங்குவதற்கும் ஒரு மரம் நிலத்திலிருந்து இறங்குவதற்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னைகளைச் சாய்த்தபோது நாடே அழுதது. பெயர் மறந்து போகும் மரங்கள் ஓசையின்றிச் சாய்கின்றன.

எனவே நம் கருத்து இது. அயல் பழம் வரட்டும், வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அதை வாங்குங்கள், உரியுங்கள், குழந்தைகளிடம் கொடுங்கள். என்ன பெயர் சொல்லலாம் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வது அகராதியில் இருக்கிறதா என்று தேடாதீர்கள். பத்தில் ஒன்பது பெயர்கள் அன்று மாலையே உதிர்ந்துவிடும். ஒன்று நின்றால் போதும். மிளகாயும் அப்படி நின்றதுதான். நம் போன்ற ஆசிரியர்கள் செய்யத்தக்க உதவி ஒன்றே ஒன்று. சிவப்பு மையைச் சற்று நேரம் மூடி வைக்கலாம்.

தங்கை மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது அந்தக் கட்டுரையை நினைவூட்டி, நாம் திருத்தியதுதான் பிழை என்று சொன்னோம். "எந்தக் கட்டுரை மாமா?" என்றாள். அவள் மறந்துவிட்டிருந்தாள். பாம்புச்சட்டைப் பழம் என்ற சொல்லையும் மறந்துவிட்டாள். சலாக் என்றுதான் சொல்கிறாளாம்.

வரும் விடுமுறைக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கொல்லையில் விளாமரம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஓடு உடைத்துத் தின்னும் பழம் அவளுக்குப் புதிது. வேலியில் கொடுக்காப்புளி சுருள் சுருளாகத் தொங்கும் பருவமாகவும் இருக்கலாம். அவற்றை அவள் கையில் கொடுப்போம். கேட்டாலும் பெயரை உடனே சொல்வதாக இல்லை.